பேசும் பொறியும் பொறுப்பேற்கும் மனிதரும்

பொறிகள் பாரம் தூக்கியதையும் கணக்குப் போட்டதையும் கண்டு வியந்த காலம் போய், பொறிகளே பேசுகின்ற காலத்திற்கு வந்துவிட்டோம். வாழ்த்துரை வேண்டுமா, இரங்கற் செய்தி வேண்டுமா, குடிமக்களின் மனுவுக்கு மறுமொழி வேண்டுமா, கேட்ட மாத்திரத்தில் வரி பிசகாமல் வந்து நிற்கிறது. செயற்கை நுண்ணறிவு என்று இதற்குப் பெயர் வழங்குகிறோம். தலைவர் ஒருவருடைய வேலையிற் பெரும்பகுதி பேச்சும் எழுத்துமே என்று எண்ணியிருந்தோர்க்கு இப்போது ஓர் ஐயம் எழுவது இயல்பு. அவ்விரண்டையும் பொறியே செய்து கொடுத்துவிடுமானால் தலைவர் எதற்கு? அவருக்கும் மக்களுக்கும் இடையே உள்ள உறவுதான் என்னவாகும்?

இதனைப் பொதுப்படையாக ஆராய்வதிலும், ஒரு நிலப்பகுதியை முன்வைத்து ஆராய்வது தெளிவு தரும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என ஊர்கள் வரிசையாக வருகின்றன. பாறசாலையைக் கடந்தால் இஞ்சிவிளை. அதற்கப்பால் களியக்காவிளை தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தின்மேல் விழுந்தது, நாவின்மேல் விழவில்லை. இன்றும் அங்கே ஒரே குடும்பத்தில் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் உண்டு. பெண் கொடுத்ததும் எடுத்ததும் கோட்டின் இருபுறத்தும் உண்டு.

இரு மொழிகளும் நெருங்கிய உறவின என்பதே அங்கு ஒரு தொல்லை. மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு; நமக்கோ அது பரபரப்பு. 'விரோதமில்லை' என்று ஓர் அலுவலர் எழுதினால், தமக்கு மறுப்பில்லை என்பது அதன் பொருள். தமிழ்க் காதுக்கு யாரோ பகையைப் பற்றிப் பேசுவது போல ஒலிக்கும். 'அனுவாதம்' என்பது மலையாளத்தில் இசைவு. அதே சொல் இந்தியில் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல் எப்போதும் சிறிது வேடிக்கையாக இருக்கும்.

இனி, பேசும் பொறி எவ்வாறு பேசுகிறது என்பதைச் சற்று நோக்குவோம். மனிதர் எழுதிக் குவித்த நூல்கள், செய்தித்தாள்கள், கடிதங்கள் முதலியவற்றை அளவின்றி அதற்குள் செலுத்துகின்றனர். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது இயல்பு என்பதை அது கணக்கிட்டுப் பழகுகிறது. கேள்வி கேட்டால், அதற்கு அடுத்தாற்போல் வரத்தக்க சொற்களை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அடுக்குகிறது. சுருங்கச் சொன்னால் நடப்பது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவே வியக்கத்தக்க பயனைத் தருகிறது. துயரமான செய்தியைச் சொன்னால் ஆறுதலான சொற்களே வருகின்றன, ஏனெனில் துயரத்திற்குப் பின் ஆறுதல் வருவதே மனிதர் எழுத்தின் வழக்கம். ஆறுதல் கூறிய நாவு எதுவும் அங்கே இல்லை.

எனினும் மனம் அதனை நம்பிவிடுகிறது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசாசூசட்சு தொழில்நுட்பக் கழகத்தில் சோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 'எலிசா' என்னும் சிறு நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர் பேசுவது போல, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்பதே அதன் வேலை. அது உருவானதை அருகிருந்து பார்த்த அவருடைய சொந்தச் செயலாளரே அதனோடு உரையாடத் தொடங்கியதும், தனித்துப் பேச வேண்டும் என்று பேராசிரியரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாராம். அந்த எளிய நிரலுக்கே அத்தனை ஈர்ப்பு இருந்ததென்றால், இன்றைய பொறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மொழிபெயர்ப்பில் இப்பொறிகள் செய்துவரும் உதவியைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. இந்திய மொழிகளுக்கென 2022-ஆம் ஆண்டில் மைய அரசு 'பாஷிணி' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் ஆற்றிய உரை அதன் வழியே உடனுக்குடன் தமிழில் ஒலித்தது. சுற்றறிக்கைகள், படிவங்கள், விதிமுறைகள் போன்றவற்றைப் பொறி முதலில் பெயர்த்துத் தர, பின்னர் நாங்கள் திருத்துவதால் பல நாள் வேலை சில மணியில் முடிகிறது. 'அவசரம்' என்பதைக்கூட அது இப்போது பெரும்பாலும் சரியாகவே பெயர்க்கிறது.

அப்படியானால் குறை எங்கே? எல்லையூர் முதியவள் ஒருத்திக்கு ஓய்வூதியம் நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். மலையாளத்தில் ஒரு கடிதம் வருகிறது. அவள் அதனை எடுத்துக்கொண்டு, இரு மொழியும் அறிந்த ஓர் ஆசிரியரிடமோ, 2002-ஆம் ஆண்டு முதல் கேரளத்தில் பரவிய அட்சயா நிலையத்திலோ போய், "மக்களே, இதில என்ன எழுதியிருக்கு? எனக்குப் பணம் வருமா, வராதா?" என்று கேட்பாள். கேள்விகள் இரண்டு. முதலாவதற்குப் பொறி விடை சொல்லும். இரண்டாவது மொழிபெயர்ப்புக் கேள்வியே அன்று. "பாட்டி, கவலைப்படாதீங்க; திங்கட்கிழமை வில்லேஜ் ஆபீசுக்கு நானும் கூட வாறேன்" என்று ஒருவர் சொல்ல வேண்டிய இடம் அது. அந்தச் சொற்களையும் பொறி எழுதிவிடும். திங்கட்கிழமை அது வராது.

சொல்லைத் தருவதற்கும் சொல்லுக்குத் தன்னை ஈடாகத் தருவதற்கும் உள்ள இந்த வேற்றுமையை, அதே நெய்யாற்றின்கரைச் சீமை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டிருக்கிறது. வெங்ஙானூரில் 1863-ஆம் ஆண்டில் பிறந்த அய்யன்காளி எழுத்தறிவு பெறும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர். அவர் பிறந்த புலையர் சமூகத்தார் பொதுச் சாலையில் நடத்தலும் கூடாது, முழங்காலுக்குக் கீழே ஆடை தாழ்தலும் கூடாது என்றிருந்த காலம். 1893-ஆம் ஆண்டில் அவர் மாடு பூட்டிய வில்வண்டி ஒன்றை வாங்கினார். வெள்ளை வேட்டி உடுத்துத் தலைப்பாகை கட்டி, அதில் அமர்ந்து பொதுச் சாலையிலே ஓட்டிச் சென்றார். தடுக்க வந்தோரும் உண்டு. பின்னர்ப் பாலராமபுரத்தில் அடிதடியும் நிகழ்ந்தது. சாலையில் எல்லோரும் செல்லலாம் என்று ஒரு துண்டறிக்கை வெளியிட்டிருந்தால் அது அழகான துண்டறிக்கையாக இருந்திருக்கும். முதல் அடி தம்மேல் விழும்படியான இடத்தில் அவர் அமர்ந்திருந்ததால்தான் மற்றோர் பின்தொடர்ந்து நடந்தனர்.

1907-ஆம் ஆண்டில் சாதுசன பரிபாலன சங்கத்தை நிறுவினார். அவர் முதன்மையாகக் கேட்டது பள்ளி. திருவிதாங்கூர் அரசு அனுமதி ஆணை பிறப்பித்தது. ஆனால் ஆணை வேறு, பள்ளிக்கூடத்து வாயிற்படி வேறு. ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரே சென்றார். அவள் பெஞ்சில் அமர்ந்ததும் கலகம் மூண்டது. பள்ளிக்கே தீ வைத்தனர். பிள்ளைகளைச் சேர்க்காவிடில் வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலியில்லாமல் பட்டினி கிடந்த அக்குடும்பங்களுக்கு, கடற்கரை மீனவர் தம் படகுகளில் வேலை கொடுத்துத் துணை நின்றனர் என்பர். இப்படி ஒரு சாதியார் பசிக்கு மற்றொரு சாதியார் படகில் இடம் ஒதுக்கியது, மேடைப் பேச்சினால் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டினியைப் பங்கிட்டுக்கொண்ட தலைவர் ஒருவரை அவர்கள் நேரில் கண்டிருந்தார்கள்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. எழுதத் தெரியாத அய்யன்காளி, ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்து, தம் மக்களுக்கு நிலமும் பள்ளிச் சலுகையும் கேட்டு வந்தார். எழுத்து வேலைக்கு அவர் பிறர் கையையே நாட வேண்டியிருந்தது. ஆகவே பிறர் எழுதிய எழுத்தைத் தலைவர் பயன்படுத்துவதே போலி என்று முடிவு கட்டலாகாது. அப்படியானால் எழுத்தறியாத தலைவரெல்லாம் போலியாவர்; என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளரும் போலிக்குத் துணைபோனவராவோம். எழுத்து யாருடையது என்று கேட்பதில் பயனில்லை. அந்த எழுத்து பொய்த்தால் இழப்பு யாருடையது என்பதே கேட்க வேண்டியது. 1937-ஆம் ஆண்டில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைத் தாம் காண வேண்டும் என்று அய்யன்காளி கூறினார் என்பர். பேச்சுக் கலையில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனால் பஞ்சமியின் கையைப் பிடித்த கையை உடையவர் சொன்ன சொல் அது.

அவருக்கு முன்னரே, 1888-ஆம் ஆண்டில், நெய்யாற்றங்கரையில் அருவிப்புறத்தில் ஸ்ரீநாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நாட்டினார். ஈழவர் கோயில் பிரதிட்டை செய்வதை அக்கால வழக்கம் ஏற்கவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் வடமொழியிலும் பாடல் இயற்றிய அப்பெருமகனார் வாதத்திற்கான நூலொன்றை முதலில் எழுதத் தொடங்கவில்லை, நீரில் இறங்கினார்.

இன்றைக்கு வருவோம். கேரளத்தில் 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டும் ஒரு கிராம சபை. மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும். வீட்டுக்கு நிதி, கிணற்றுக்கு நிதி முதலியவற்றைப் பெறுவோர் யார் என்ற முன்னுரிமை அங்கேதான் முடிவாக வேண்டும். தகவல்களைக் கொடுத்தால் பொறி நொடியில் பட்டியல் தயாரித்துவிடும். மனிதர் தயாரிப்பதைக் காட்டிலும் அதில் ஓரவஞ்சனை குறைவாகவும் இருக்கலாம். ஆனால் பட்டியலில் விடுபட்டவர் எழுந்து நின்று "என் பேரு ஏன் இல்ல, மெம்பரே?" என்று கேட்பார். "கணிப்பொறி அப்படிச் சொல்லிற்று" என்பது அதற்கு விடையன்று. இப்படி விடை சொல்லிப் பழகிய நாட்டில் என்ன நேர்ந்தது என்பதற்கு ஒல்லாந்து ஒரு சான்று. (குளச்சலில் 1741-ஆம் ஆண்டு தோற்றவர்கள் என்று எல்லையூர்ப் பிள்ளைகள் படித்திருக்கும் அதே ஒல்லாந்துதான்.) அங்கே குழந்தை பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோர்மேல் வரித்துறை தவறாகக் குற்றம் சாட்டியது. ஐயத்திற்குரியோர் யார் என்று கணித்துச் சொன்னது ஒரு கணிப்பொறி முறை. வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டக் கடன்பட்டுக் குடும்பங்கள் சீரழிந்தன. 2021-ஆம் ஆண்டு சனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது. பொறி பதவி விலகவில்லை. அதற்குப் பதவியும் இல்லை.

மொழிச் சிறுபான்மையினர்க்கு இதில் தனிக் கவலை உண்டு. குறை தீர்க்க வேண்டி நாட்டில் வழங்கும் எம்மொழியிலும் முறையீடு செய்யலாம் என்று அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு கூறுகிறது. கேரளத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் வழிவகுத்தது. மொழிபெயர்க்க ஆளில்லை என்னும் பழைய சாக்கை இனி யாரும் சொல்ல முடியாதபடி பொறி செய்துவிட்டது. இது பெரிய நன்மை. தமிழ் மனுவைக் கண்டு மலைத்த அலுவலர் இனி மலைக்க வேண்டுவதில்லை. ஆனால் பொறி தந்த தமிழ்க் கடிதத்தை அனுப்பிவிட்டதோடு கடமை முடிந்ததாக அவர் கருதிவிடுவாரோ என்பதே என் அச்சம். முன்பு தமிழறிந்த எழுத்தரைத் தேடி அழைத்து, அவரையும் மனுதாரரையும் எதிரே அமர்த்திக் கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையில் ஒரு சந்திப்பும் நிகழ்ந்தது.

ஆகவே எல்லையூர்த் தமிழர் இப்போது கேட்கத்தக்கது மிகச் சிறிது. கடிதத்தைப் பொறியே எழுதட்டும். அதன் அடியில் மட்டும், அதற்குப் பொறுப்பான அலுவலர் ஒருவருடைய பெயரும், தமிழ் பேசும் ஒருவரோடு அவரை நேரிற் சந்திக்கக்கூடிய கிழமையும் நேரமும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.