கொரகொர ரேடியோவும் கணீர் ரேடியோவும்



"கள்ளக்குறிச்சியில எங்க மாமா வீட்டு ரேடியோ கணீர்னு பாடுது. மலையில எங்க வீட்டு ரேடியோ மட்டும் ஏன் கொரகொரன்னு இருக்கு?" கல்வராயன்மலையில் இருந்து படிக்க வரும் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருது. செட்டு பழசு, பேட்டரி தீர்ந்துபோச்சு என்று சொல்லி விட்டுவிடுவோம். ஆனால் உண்மையான காரணம் செட்டில் இல்லை, அலையில் இருக்கு. அதைத்தான் இங்கே எழுதியிருக்கேன்.

ரேடியோவில் ஏ.எம்., எஃப்.எம். என்று மாற்றும் ஒரு பொத்தான் இருக்கும், பார்த்திருப்பீங்க. இரண்டிலும் வருவது மின்காந்த அலைதான். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகம். பேச்சு, பாட்டு எல்லாம் அந்த அலைமேல் ஏறி வருது, பஸ் மேல் மூட்டை ஏற்றுவது மாதிரி. இதற்குப் பண்பேற்றம் என்று பெயர். ஏற்றும் விதத்தில்தான் வித்தியாசம். ஏ.எம்.மில் அலையின் உயரம், அதாவது வீச்சு, பேச்சுக்குத் தகுந்தபடி கூடிக் குறையும். எஃப்.எம்.மில் உயரம் மாறாது. அதிர்வெண் மட்டும் கொஞ்சம் கூடிக் குறையும்.

இப்போ மின்னல் வெட்டுது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னலும் ஒரு மின்காந்த அலையை உண்டாக்கும். அது வந்து ரேடியோ அலையின் உயரத்தோடு சேர்ந்துகொள்ளும். எது பேச்சு, எது மின்னல் என்று ஏ.எம். செட்டுக்குப் பிரிக்கத் தெரியாது. இரண்டையும் ஸ்பீக்கரில் கொட்டிவிடும். படார், கரகர! எஃப்.எம். செட்டு உயரத்தைக் கண்டுகொள்வதே இல்லை. மேலே துருத்திக்கொண்டு இருப்பதை வெட்டிவிட்டு அதிர்வெண்ணை மட்டும் படிக்கும். அதனால்தான் மழைநாளிலும் அது கணீர்னு கேட்குது.

இன்னொரு காரணம் பாதையின் அகலம். ஏ.எம். நிலையங்கள் இருக்கும் இடத்துக்கு மத்திய அலை என்று பெயர். அங்கே ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில் 9 கிலோஹெர்ட்ஸ் இடம்தான். அந்தச் சந்துக்குள் சுமார் 4,500 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் ஒழுங்காகப் போக முடியும். எஃப்.எம்.மில் 15,000 ஹெர்ட்ஸ் வரை போகும். நம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று ஒலி பாடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் ஜால்ரா, சலங்கை மாதிரி கூர்மையான சத்தத்தில் பாதி ஏ.எம்.மில் வழியிலேயே நின்றுவிடுது. பாட்டு போர்வைக்குள் இருந்து பாடுவது போல் கேட்பது அதனால்தான்.

ஆனால் பேச்சுக்கு இவ்வளவு அகலம் தேவையில்லை! பழைய தந்திக் கம்பி டெலிபோனில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்பினார்கள். அதிலேயே யார் பேசுறாங்க என்று கூடத் தெரியும். டெல்லியில் இருந்து சரோஜ் நாராயணசாமி செய்தி வாசித்த காலத்தில் தமிழ்நாடு முழுக்க இந்தச் சந்து வழியாகத்தான் கேட்டாங்க. ஒரு வார்த்தை கூடப் புரியாமல் போகாது என்று எங்க தாத்தா சொல்வார்.

கொஞ்சம் வரலாறு. மதராஸில் அகில இந்திய வானொலி 1938-லும், திருச்சியில் 1939-லும் தொடங்கியது. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பும் மதராஸில்தான், 1977 ஜூலை 23-ல். நம்ம தமிழ்நாட்டுக்கு அது ஒரு பெருமை.

சரி, மலைக்கு வருவோம். திருச்சி வானொலியின் மத்திய அலை எண் 936 கிலோஹெர்ட்ஸ். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். வகுத்துப் பார்த்தேன், சுமார் 320 மீட்டர் வருது! ஒரே ஒரு அலை அவ்வளவு நீளம். எஃப்.எம்.மில் புதுச்சேரியின் 102.8 மெகாஹெர்ட்ஸை வகுத்தால் 3 மீட்டர் கூட வரல. நீளமான அலை தரையை ஒட்டியே ஓடும், மேடு பள்ளத்தில் வளைந்து இறங்கும். குட்டி அலை டார்ச் வெளிச்சம் மாதிரி ஏறக்குறைய நேராகப் போகும். மலை குறுக்கே நின்றால் பின்னால் நிழல் விழுந்துவிடும். மலை ஓரத்தில் கிழக்கே பார்த்த பாறைமேல் ஏறினால் புதுச்சேரி கேட்குது, பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு இறங்கினால் காணாமல் போகுது என்று பிள்ளைகள் சொல்வது இந்த நிழலைத்தான்.

அதே மலை உதவியும் செய்யும். கொடைக்கானல் பண்பலை 100.5-ன் கோபுரம் மலைமேல், 2,000 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கு. அதனால் கீழே பல மாவட்டங்களில் அது கேட்குது. கோபுரம் மலைமேல் இருந்தால் லாபம், நாம் மலைக்குப் பின்னால் இருந்தால் நஷ்டம்.

ராத்திரியில் மத்திய அலைக்கு இன்னொரு வழியும் திறக்கும். பகலில் வானத்தில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஓர் அடுக்கு இந்த அலைகளை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோகும். அப்போது அலை இன்னும் மேலே போய், அங்கே பட்டுத் திரும்பி, ரொம்ப தூரத்தில் வந்து விழும். தூரத்து நிலையங்கள் ராத்திரி கேட்பது இதனால்தான். ஆனால் வானத்து வழியும் தரை வழியும் ஒன்றோடு ஒன்று மோதுவதால் சத்தம் அலைபோல ஏறி இறங்கும். சில சமயம் இரண்டு நிலையம் ஒன்றாகப் பேசும். கேட்கச் சிரிப்பா இருக்கும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் பேய் மழை. எங்க ஆயா வீடு மலையில் பள்ளத்தில் இருக்கு. கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. எஃப்.எம். அங்கே எப்பவுமே வராது. பேட்டரி ரேடியோவில் மத்திய அலைதான் பேசியது. கொரகொரதான், மின்னலுக்கு மின்னல் படார் படார்தான். ஆனால் புயல் எங்கே இருக்கு, ஆற்றுப் பக்கம் போகக்கூடாது என்பதெல்லாம் புரிந்தது. ஜெர்மனி மாதிரி சில நாடுகளில் மத்திய அலையை நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலும் சில ஆண்டுகளாகப் பல மத்திய அலை நிலையங்களை மூடி எஃப்.எம்.முக்கு மாற்றுகிறார்கள். பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரிதான். பள்ளத்து வீட்டை வைத்துப் பார்த்தால் எனக்கு அப்படித் தோணல. எல்லா மலைக்கும் எஃப்.எம். கோபுரம் வந்த பிறகு மூடினால் போதாதா?

கொரகொர குறைய நாமே செய்யக்கூடியது: மத்திய அலை கேட்கும்போது செல்போன் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். டியூப்லைட், மலிவான எல்.இ.டி. பல்பு பக்கத்தில் செட்டை வைக்காதீங்க. அவையும் குட்டி மின்னல் மாதிரிதான். மேலே இழுக்கும் ஏரியல் எஃப்.எம்.முக்கு மட்டும். மத்திய அலையைப் பிடிப்பது செட்டுக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் என்னும் கறுப்புத் தண்டு. அதன் நுனி நிலையம் இருக்கும் திசையைப் பார்த்தால் சத்தம் குறையும். பக்கவாட்டைக் காட்டினால் கூடும். திருச்சி நமக்குத் தெற்கே இருக்கு. அதனால் தண்டு கிழக்கு மேற்காக இருக்கும்படி செட்டைத் திருப்பி வையுங்கள்.

வீட்டில் ரேடியோ உள்ளவர்கள் வருகிற வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணிக்கு வேப்பமரத்தடிக்குக் கொண்டு வாங்க. எந்தச் செட்டை எந்தப் பக்கம் திருப்பினால் எது கேட்குது என்று எழுதி அடுத்த இதழில் ஒட்டுவோம். பேட்டரி அவரவர் கொண்டு வரணும்!