மாட்டுங்கா பள்ளியும் தாராவிக் குழந்தையும்: இடையில் நிற்கும் 30-வது பிரிவு

நமது நாடாளுமன்ற நிருபர்

புது தில்லி: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014-ம் ஆண்டு மே 6-ம் தேதி அரசியல் சட்ட அமர்வு அளித்த தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றமே எழுப்பியுள்ளது. மகாராஷ்டிரத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில், 2025 செப்டம்பர் 1-ம் தேதி நீதிபதிகள் தீபங்கர் தத்தா, மன்மோகன் ஆகியோர் கொண்ட அமர்வு இதைக் கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆராய வேண்டும் என்று தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது.

தில்லியில் இந்தச் செய்தி மதச் சிறுபான்மையினர் பற்றியதாகவே பேசப்பட்டது. ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்த பகுதிதான் தமிழ்நாட்டில் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால் அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு மதச் சிறுபான்மையினருக்கு மட்டும் உரியதன்று. மொழிச் சிறுபான்மையினருக்கும் அதே உரிமை உண்டு. மகாராஷ்டிரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் சுமார் 5 லட்சம் பேர்.

அந்த அமர்வு எழுப்பிய வினாக்களுள் ஒன்று மும்பைத் தமிழரை நேரடியாகத் தொடுவது. தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்கும் விதியை, சிறுபான்மைப் பள்ளிகளைப் பொருத்தவரை முற்றிலும் நீக்குவதற்குப் பதிலாக, அதே சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த அக்கம்பக்கத்து ஏழைக் குழந்தைகளுக்கு என்று சுருக்கிப் பொருள் கொண்டிருக்கலாமே என்பதே அது. மும்பை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், மாட்டுங்காவில் தமிழர் நடத்தும் பள்ளியில் தாராவித் தமிழ்க் குழந்தைக்குச் சட்டப்படி இடம் உண்டா என்பதுதான் கேள்வி.

மத்திய ரயில்வே பாதைக்குக் கிழக்கே கிழக்கு மாட்டுங்கா. மேற்கே தாராவி. நடந்தே போகலாம்.

கிழக்கு மாட்டுங்கா திட்டமிட்டு அமைக்கப்பட்ட பகுதி. 1890-களில் பிளேக் நோய் பம்பாயை உலுக்கியதை அடுத்து 1898-ல் ஏற்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை, தாதர், மாட்டுங்கா, வடாலா பகுதிகளில் அகன்ற சாலைகளையும் பூங்காக்களையும் அமைத்தது. ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகவும் தட்டச்சராகவும் பணிக்கு வந்த தென்னிந்தியர் அங்கு குடியேறினர். வேலை கிடைத்தவர்களுக்கு அடுத்த கவலை பிள்ளைகளின் படிப்பு. 1932-ல் எம்.வி. வெங்கடேஸ்வரன் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கி, மாட்டுங்காவில் ஒரு சிறிய பள்ளிக்கு வித்திட்டார். வடாலாவில் 1934-ல் தென்னிந்தியர் நலச் சங்கம் தோன்றியது. மாட்டுங்கா சங்கம் 1960-ல் சயானில் கல்லூரி கண்டது. இன்று மழலையர் வகுப்பு முதல் மேலாண்மைப் படிப்பு வரை அதன் நிறுவனங்கள் நவி மும்பை வரை பரந்துள்ளன. விடுதி இல்லாத, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பகல் பள்ளி என்ற வடிவம் மும்பைத் தமிழ் நடுத்தரக் குடும்பத்துக்கு மிகவும் பொருந்திப் போனது. காலையில் பள்ளி, மாலையில் பாட்டு வகுப்பு, இரவில் வீட்டில் தமிழ். இதுதான் அந்தக் குடும்பங்களின் நாள் அட்டவணை.

அந்த மாலை வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மும்பைத் தமிழரின் கலைக் கல்வியைப் பள்ளியை விடச் சபாக்களும் நாட்டியப் பள்ளிகளுமே தாங்கி நின்றன. மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் 1945-ல் தொடங்கப்பட்டது. திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் தஞ்சை மரபை அங்கு வேரூன்றச் செய்தனர். 1952-ல் உருவான சண்முகானந்த சபா 1963-ல் தன் பெரும் அரங்கைத் திறந்தது. 1990-ல் அது தீக்கிரையானது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1998-ல்தான் மீண்டும் திரை விலகியது. அரங்கம் மட்டுமின்றி இசைப் பள்ளியும் அந்தச் சபாவுக்கு உண்டு. செம்பூரின் கதை சற்றுப் பிந்தியது. 1950-களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்த பிறகு, பொறியாளர்களும் விஞ்ஞானிகளுமாகத் தமிழர் அங்கு பெருகினர். 1960-களில் எழுந்த செம்பூர் நுண்கலைக் கழகம் அவர்களுடைய குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டும் வீணையும் பரதமும் கற்பித்தது.

இவை எல்லாம் கட்டணம் செலுத்திக் கற்பவை. அதில் தவறில்லை, குருவும் வாழ வேண்டும். ஆனால் மாலைக் கலை இப்போது பள்ளி மதிப்பெண்ணுக்குள்ளும் வந்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளின் இசை, நாட்டியத் தேர்வுகளில் தேறியவர்களுக்கும், அரசின் ஓவியத் தேர்வுகளில் தேறியவர்களுக்கும் மகாராஷ்டிர மாநிலக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்பில் கூடுதல் மதிப்பெண் அளிக்கிறது. கலைக்கும் அறிவியலுக்கும் இடையே சுவர் கூடாது என்கிறது 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. பள்ளிக் கல்விக்கான 2023-ம் ஆண்டின் தேசியப் பாடத்திட்ட வரைவுச் சட்டகம் கலையை ஒரு பாடப் பகுதியாகவே ஏற்றது. கொள்கை நன்று. வெளியே பணம் கட்டி ஆறேழு ஆண்டுகள் நாட்டியம் பயின்ற பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் கிடைக்கும் அந்த மதிப்பெண், பள்ளியிலேயே நாட்டிய ஆசிரியர் இல்லாத பிள்ளைக்கு எப்படிக் கிடைக்கும் என்பதை எந்தக் கொள்கை ஆவணமும் சொல்லவில்லை.

தாராவிக்கு வந்த தமிழர் வேறு பாதையில் வந்தவர்கள். தோல் பதனிடும் தொழிலுக்காக 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கு கணிசம். ஆதிதிராவிடர்களும் முஸ்லிம்களும் அவர்களுள் பெருந்தொகையினர். பிள்ளைகளுக்குப் பள்ளி என்றால் பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளி. மும்பை மாநகராட்சி தமிழ் உள்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. இதைத் தமிழ்நாட்டில் பலர் அறியார். ஆனால் பெற்றோரின் விருப்பம் ஆங்கிலத்தின் பக்கம் நகர்ந்து நெடுநாளாகிறது. ஏழைகளின் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும் மதிய உணவும் தந்த காமராஜரின் பெயரால் தாராவியில் இயங்குவதும் ஓர் ஆங்கில உயர்நிலைப் பள்ளிதான். குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மாட்டுங்கா எழுத்தர் 1932-ல் தன் பிள்ளைக்கு விரும்பியதையே தாராவித் தொழிலாளியும் விரும்புகிறார்.

2009-ல் கட்டாயக் கல்வி உரிமை மசோதா மாநிலங்களவையில் ஜூலை 20-ம் தேதியும் மக்களவையில் ஆகஸ்ட் 4-ம் தேதியும் நிறைவேறியபோது, கபில் சிபல் மனிதவள மேம்பாட்டு அமைச்சர். அண்டை வீட்டுக் குழந்தைகள் ஒரே வகுப்பில் அமர வேண்டும் என்பதே 25 சதவீத விதியின் நோக்கம். அப்போது சட்டத்தில் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு இல்லை. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளை அதிலிருந்து விடுவித்தது. 2014-ல் உதவி பெறுபவையும் விடுபட்டன. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, மதச் சிறுபான்மைப் பள்ளிகளில் நலிந்த பிரிவு மாணவர் 8.76 சதவீதம் மட்டுமே என்றது. மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளை யாரும் இதே போல் கணக்கெடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை.

மகாராஷ்டிர அரசு தன் பங்குக்கு 2024 பிப்ரவரி 9-ம் தேதி ஓர் அறிவிக்கையைக் கொணர்ந்தது. ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால், தனியார் பள்ளி 25 சதவீத இடம் தர வேண்டியதில்லை என்றது அது. மும்பை போன்ற நெருக்கமான நகரில் இது ஏறக்குறைய எல்லாத் தனியார் பள்ளிகளையும் விடுவித்துவிடும். பம்பாய் உயர் நீதிமன்றம் மே 6-ம் தேதி இடைக்காலத் தடை விதித்து, ஜூலை 19-ம் தேதி அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. ஆகஸ்ட் 9-ம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தனியார் பள்ளிகளின் தரப்பிலும் நியாயமான ஒரு குறை உண்டு. இந்த இடங்களுக்கு அரசு திருப்பித் தர வேண்டிய கட்டணம் ஆண்டுக்கணக்கில் பாக்கி நிற்கிறது.

சிறுபான்மை உரிமைக்கும் மொழிக்கும் உள்ள உறவு சட்டத்தில் தளர்வானது என்பதையும் வாசகர் அறிந்திருப்பது நல்லது. மொழியைக் காப்பதற்காக மட்டுமே 30-வது பிரிவு என்று சுருக்கக் கூடாது எனப் பாதர் புரூஸ்ட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே மொழிச் சிறுபான்மைப் பள்ளி ஒன்று தமிழைக் கற்பித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அப்பிரிவில் இல்லை. மராத்தி கற்பிக்க வேண்டிய கட்டாயமோ 2020-ல் மகாராஷ்டிரம் இயற்றிய சட்டப்படி எல்லாப் பள்ளிகளுக்கும் உண்டு. 2025 ஏப்ரலில் முதல் வகுப்பிலிருந்தே இந்தியையும் சேர்க்க முயன்ற அரசு, எதிர்ப்புக்குப் பின் ஜூன் 29-ம் தேதி பின்வாங்கியது. ஆங்கிலமும் மராத்தியும் போக மூன்றாவது மொழிக்கான இடத்தில் இந்தியா, வேறொன்றா என்ற சண்டையில் தமிழின் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை. மும்பையின் தமிழ் அமைப்புகளும் அதற்குக் குரல் எழுப்பியிருக்கலாம்.

இதற்கிடையே தாராவியே இடம் மாறுகிறது. சீரமைப்புத் திட்டத்தில் 2000 ஜனவரி 1-ம் தேதிக்கு முன் குடியேறிய தரைத்தளவாசிகளுக்கு அங்கேயே வீடு. மற்றவர்களில் பலருக்குத் தாராவிக்கு வெளியே. 25 சதவீத விதியின் அளவுகோல் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம். முலுண்டுக்கோ தேவ்னாருக்கோ அனுப்பப்படும் குடும்பத்துக்கு மாட்டுங்கா அக்கம்பக்கமாக இராது. கூடுதல் நீதிபதிகள் அமர்வு நாளை எத்தகைய தீர்ப்பு அளித்தாலும் அதன் பயன் யாருக்கு என்பது, அதற்குள் யார் எங்கே குடியிருப்பார்கள் என்பதைப் பொருத்தது.

சிறுபான்மைத் தகுதி பெற்ற பள்ளிகள் தம் கதவை யாருக்குத் திறக்கின்றன என்பது இன்றளவில் அவற்றின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் மகாராஷ்டிர அரசு இணையவழி விண்ணப்பம் பெற்றுக் குலுக்கல் முறையில் 25 சதவீத இடங்களை நிரப்புகிறது. தாராவிப் பெற்றோர் தேர்ந்தெடுப்பதற்காக வைக்கப்படும் அந்தப் பட்டியலில், சிறுபான்மைத் தகுதி பெற்ற பள்ளிகளின் பெயர்கள் இடம்பெறுவதில்லை.