அரிகுடாரத்துப் பிள்ளையும் மைசூர்ப் பாட்டியும்

கொங்கு நாட்டிலிருந்து சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலைப்பாதை ஏறி, காட்டைக் கடந்து கர்நாடகத்திற்குள் நுழைவோரை முதலில் வரவேற்கும் பெரிய ஊர் சாமராஜநகர். மஞ்சளும் பட்டும் விளையும் பூமி. கடைவீதியில் கன்னடத்திற்கு இணையாகத் தமிழும் காதில் விழும். 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தனி மாவட்டத்தின் தலைநகராகும் வரை, இவ்வூர் மைசூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இவ்வூர்க் கிளையில் நான் பணியாற்றிய ஆண்டுகளில், மாலை வேளைகளில் சாமராஜேசுவரர் கோயிலுக்குச் செல்வது வழக்கம். 1826இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தம் தந்தையின் நினைவாகக் கட்டிய கோயில் அது. தந்தை சாமராஜ உடையாரின் பெயரால் இறைவன் சாமராஜேசுவரர். தாய் கெம்பநஞ்சம்மண்ணியின் பெயரால் இறைவி கெம்பநஞ்சாம்பிகை. அந்தத் தந்தை பிறந்த இடத்திலும் ஒரு மண்டபம் எழுப்பப்பட்டுள்ளது. அரிகுடாரம் என்ற பழைய ஊர்ப்பெயரை 1818இல் சாமராஜநகர் என்று மாற்றியவரும் அவரே. ஆடி மாதத் தேரோட்டத்திற்குப் புதுமணத் தம்பதியர் திரண்டு வருவது இவ்வூரின் தனிச்சிறப்பு.

தந்தைக்கு ஊரும் கோயிலும் உண்டு. தாய்க்குச் சந்நிதி உண்டு. ஆனால் அந்தத் தந்தையையும் மகனையும் அடுத்தடுத்துத் தம் மடியில் வைத்துக் காத்த ஒரு மூதாட்டியைப் பற்றி இவ்வூரில் அதிகம் பேசுவாரில்லை. அவர் பெயர் லட்சுமம்மண்ணி.

கட்டி கோபாலராஜ அரசு என்பவரின் மகளான இவர், மைசூர் மன்னர் இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவி. 1766இல் மன்னர் காலமானபோது, ஆட்சி முழுவதும் ஏற்கெனவே படைத்தலைவர் ஹைதர் அலியின் கைக்குப் போயிருந்தது. அரியணையில் ஓர் உடையார் அமர்ந்திருப்பார். ஆணைகள் வேறிடத்திலிருந்து பிறக்கும். அடுத்தடுத்து அரியணை ஏறிய இரண்டு இளவல்களும் பத்தாண்டுகளுக்குள் மறைந்தனர். 1776இல் அரச குடும்பத்தில் நேரடி வாரிசு எவரும் இல்லை.

அப்போது ஹைதர் அலி அரசு குலத்துச் சிறுவர்களை ஓரிடத்தில் கூட்டி, பழங்களையும் விளையாட்டுப் பொருள்களையும் ஆயுதங்களையும் பரப்பி வைத்தாராம். மற்றப் பிள்ளைகள் தின்பண்டங்களையும் பொம்மைகளையும் நாடிச் செல்ல, ஒரு சிறுவன் மட்டும் குறுவாளைக் கையில் எடுத்தானாம். அவனே அரசன் எனத் தீர்மானிக்கப்பட்டது என்று, பின்னாளில் மைசூரில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த மார்க் வில்க்ஸ் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவன்தான் அரிகுடாரத்துத் தேவராஜ அரசின் மகன் சாமராஜன். 1774இல் பிறந்த அவனுக்கு அப்போது வயது இரண்டு. சிறிய ஊரிலிருந்து வந்த அந்தக் குழந்தை லட்சுமம்மண்ணியின் தத்துப் பிள்ளையானான்.

அரண்மனையின் உள்ளறையில் அடைபட்டிருந்த ஒரு கைம்பெண்ணுக்கு அக்காலத்தில் என்ன வலிமை இருந்திருக்க முடியும்? படை இல்லை, கருவூலம் இல்லை. நம்பிக்கைக்குரிய சில மனிதர்கள் மட்டுமே இருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் திருமலைராவ். அவரும் அவருடைய சகோதரர் நாராயணராவும் தமிழ்நாட்டில் இருந்துகொண்டு ராணியின் சார்பில் கும்பினியாரிடம் பேசினார்கள். அதன் பயனாக, 1782 அக்டோபரில் தஞ்சாவூரில் ஆங்கிலேயப் பிரதிநிதி ஜான் சல்லிவனுடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

வங்கிப் பணியில் இருப்பவன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது அந்த உடன்படிக்கையின் அமைப்பு. ராணி தரப்பு மொத்தப் பணத்தையும் முன்கூட்டித் தர ஒப்புக்கொள்ளவில்லை. கோயமுத்தூர்ச் சீமையிலிருந்து ஹைதரின் படை விலக்கப்பட்டால் ஒரு தொகை, மலையேறி மைசூர் நாட்டுக்குள் புகுந்தால் ஒரு தொகை, தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் கைக்கு வந்தால் ஒரு தொகை என்று படிப்படியாக வகுக்கப்பட்டிருந்தது. வீடு கட்டக் கடன் வழங்கும்போது, அடித்தளம், கூரை, பூச்சு என்று வேலை முடிய முடிய நாங்கள் தவணையாகப் பணம் விடுவிக்கிறோமே, அதே முறைதான்.

ஆயினும் அந்த உடன்படிக்கை உடனே பலன் தரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஹைதர் அலி காலமானார். 1784இல் கும்பினியார் திப்பு சுல்தானுடன் மங்களூரில் சமாதானம் செய்துகொண்டனர். ராணிக்கு அளித்த வாக்கு ஏட்டளவில் நின்றது. 1796இல் அரிகுடாரத்துப் பிள்ளை சாமராஜ உடையாரும் இருபத்திரண்டு வயதில் இறந்தார். அதன்பின் அரியணை நிரப்பப்படவில்லை. அரச குடும்பம் அரண்மனையை இழந்து எளிய இருப்பிடத்திற்குத் தள்ளப்பட்டது. லட்சுமம்மண்ணியின் கையில் எஞ்சியது 1794இல் பிறந்த பேரன் கிருஷ்ணராஜன் மட்டுமே.

ஹைதர், திப்பு ஆகியோரின் ஆட்சித் திறனையும் வீரத்தையும் இங்கு எடைபோடுவது என் நோக்கமன்று. அது வரலாற்றறிஞர்களின் வேலை. ஒரு பாட்டி தன் பேரனுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தாள் என்பதே என் மனத்தை நிறைக்கும் செய்தி.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு சுல்தான் போர்க்களத்தில் உயிர்நீத்தார். கிருஷ்ணராஜனை அரசனாக்குவது என்று கும்பினியார் முடிவு செய்தனர். ஆனால் திவான் பதவி, பல்லாண்டுகளாக ராணிக்காக உழைத்த திருமலைராவுக்குக் கிடைக்கவில்லை. ஹைதரிடமும் திப்புவிடமும் கணக்கையும் கருவூலத்தையும் நிர்வகித்த பூர்ணையாவையே கும்பினியார் திவானாகத் தேர்ந்தெடுத்தனர்.

ராணியின் வாழ்வில் இதைவிடக் கடினமான முடிவு வேறு இருந்திருக்காது என்றே எண்ணுகிறேன். ஒருபுறம் தமக்காகக் காலமெல்லாம் அலைந்த விசுவாசி. மறுபுறம் தம்மை ஒடுக்கிய ஆட்சியின் அதிகாரி, ஆனால் நாட்டின் வரவு செலவை விரல் நுனியில் வைத்திருந்தவர். பேரனுக்கோ ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. 1799 ஜூன் 24 அன்று லட்சுமம்மண்ணியும் மற்றொரு ராணியான தேவாஜம்மண்ணியும் சேர்ந்து கும்பினியாருக்கு எழுதிய கடிதத்தில், தங்கள் அரசு மறைந்து நாற்பது ஆண்டுகள் ஆயின என்பதைச் சுட்டி, பூர்ணையாவின் நியமனத்தை மகிழ்வுடன் ஏற்பதாகத் தெரிவித்தனர். அந்த மகிழ்ச்சிக்குள் எவ்வளவு மனவருத்தம் அடங்கியிருந்தது என்பதை அவர்களே அறிவார்கள்.

ஜூன் 30 அன்று மைசூரில், அரண்மனை இடிக்கப்பட்டிருந்ததால், ஒரு பந்தலில் முடிசூட்டு விழா நடைபெற்றது. அடுத்த வாரம் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி மைசூர் ஆண்டுதோறும் ஏழு லட்சம் நட்சத்திர வராகன், அதாவது சுமார் இருபத்துநான்கரை லட்சம் ரூபாய், கும்பினிக்குச் செலுத்த வேண்டும். பெற்றதற்கு விலை உண்டு என்பதை ராணி அன்றே உணர்ந்திருப்பார். பூர்ணையா நாட்டை நிர்வகிக்க, ராணி பேரனின் காப்பாளராக இருந்து அவனை வளர்த்தார்.

1810இல் லட்சுமம்மண்ணி மறைந்தார். கணவரை இழந்தபின் அவர் வாழ்ந்தது நாற்பத்துநான்கு ஆண்டுகள். அதற்கடுத்த ஆண்டு, 1811இல், பூர்ணையா விலக, கிருஷ்ணராஜ உடையார் முழு ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். பேரன் தன் கையெழுத்தால் நாடாளும் நாளைப் பாட்டி காணவில்லை. ஓராண்டு முந்திக்கொண்டுவிட்டது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் கிளைக்கு வந்த வேறொரு பாட்டி என் நினைவுக்கு வருவார். விபத்தில் மகனையும் மருமகளையும் ஒருசேர இழந்தவர். இழப்பீடாக வந்த தொகையைப் பேரன் பெயரில் போட வேண்டும் என்று, ஒரு மஞ்சள் பையில் காகிதங்களைச் சுற்றிக்கொண்டு வந்தார். சட்டப்படி இந்துக் குடும்பத்தில் இளவருக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப்பின் தாய். பாட்டி அந்த வரிசையில் இல்லை. நீதிமன்றத்தின் ஆணை தேவை. இதைச் சொன்னபோது அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார்.

“பொறந்த நாள்லேருந்து நான்தானே சார் வளர்க்கிறேன். இனிமே யாரு வந்து சொல்லணும்?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. மாவட்ட நீதிமன்றத்திற்குப் பல மாதங்கள் நடந்து, ஆணையுடன் திரும்பி வந்தார். தொகை முழுவதும் பேரன் பெயரில் நிரந்தர வைப்பாயிற்று. “வட்டியை மாதாமாதம் எடுத்துச் செலவழிக்கலாமே” என்று சக ஊழியர் சொன்னபோது, “அது அவன் காசு” என்று மட்டும் கூறினார். பூக்கட்டி விற்ற வருவாயில் அவனைப் படிக்கவைத்தார்.

நான் அக்கிளையிலிருந்து மாற்றலாவதற்குச் சில வாரங்களுக்கு முன், பதினெட்டு நிரம்பிய அந்த இளைஞன் தனியே வந்தான். கணக்கைத் தன் பெயரில் முழுமையாக மாற்றிக்கொள்ள ஆதார் அட்டை, புகைப்படம், புதிய மாதிரிக் கையெழுத்து எல்லாம் கொண்டுவந்திருந்தான். பாட்டி வரவில்லையா என்று கேட்டேன். மூன்று மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டதாகச் சொன்னான். படிவத்தில் கையெழுத்திடும்போது அவன் விரல்கள் நடுங்கின. கீழே, காப்பாளர் என்ற கட்டத்தை நான் கோடிட்டு மூடினேன்.

பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பெரியோர் நம் வாடிக்கையாளர்களில் பலர் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காப்பாளர் உரிமைக்கான ஆணையைக் காலம் தாழ்த்தாமல் பெறுங்கள், வைப்புகளின் விவரத்தை நம்பகமான இன்னொருவருக்கும் தெரிவித்து வையுங்கள், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும் நாளைக் குறித்து வையுங்கள்.

சாமராஜநகர் செல்லும்போது கோயிலுக்குள் சற்று நேரம் நில்லுங்கள். அங்கே தந்தையின் பெயரும் தாயின் பெயரும் இருக்கும். பாட்டியின் பெயரை நாம்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.