நோவில்லா அழல்

அழற்சி என்னுஞ் சொல்லை மாணவர்க்கு விளக்கப் புகும்போது, அழல் என்னும் அடியிலிருந்து தொடங்குவதே எம் வழக்கம். தீயின் தன்மை உடம்பிடத்துத் தோன்றுதலின் அப்பெயர் வந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த உரோமராகிய செல்சஸ் என்பார், செம்மை, வீக்கம், வெம்மை, நோவு என அதற்கு நான்கு குறிகள் வகுத்தனர். முள் தைத்த காலுடையான் இந்நான்கினையும் ஒருங்கே அறிவான். ஆயின், நோவு சிறிதுமின்றி ஓர் அழல் உடம்பினுள்ளே ஆண்டுக்கணக்காகக் கனன்றுகொண்டிருத்தல் கூடுமோ? கூடும் என்பதனை யாம் நண்பரொருவரின் கண்ணாற் கற்றோம்.

அவர் எம்மோடு இருபத்தைந்து ஆண்டுகள் இலக்கணங் கற்பித்தவர், நீரிழிவுடையவர். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை இருவேமும் பழைய உரைநூலொன்றை வாசித்திருந்தபோது, “பண்டிதரே, இந்த வரி நடுவில் வளைந்து கிடக்கிறதே, பார்த்தீரா?” என்றார். அச்சுக் கோத்தவரைப் பழித்துச் சிரித்தோம். வரி நேராகவே இருந்தது. கண்ணில் நோவில்லாமையின் வைத்தியரை நாடாது மேலும் ஐந்து திங்கள் கழித்தார். அவரை வற்புறுத்தாத குற்றம் எமக்கும் உண்டு.

விழித்திரைக்கு நோவுணரும் நரம்பில்லை. அங்கு நிகழ்வதைக் கண்டுதான் அறிதல் வேண்டும். காணும் வழியோ நெடுங்காலம் இருந்திலது. 1851இல் ஜேர்மானியராகிய ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாம் ஆக்கிய விழிநோக்கியை விளக்கி நூல் வெளியிட்ட பின்னரே, உயிருள்ளோர் கண்ணின் உட்புறம் மருத்துவர்க்குப் புலனாயிற்று. நான்கு ஆண்டுகளில், வியன்னா நகர் யேகர் என்பார் நீரிழிவுடையோரின் மஞ்சட்புள்ளியில் மாறுதல் கண்டு எழுதினர். பேர்லின் நகரிற் பெரும்புகழ் பெற்ற வொன் கிரேஃபே, இவ்விரண்டிற்குந் தொடர்பில்லையென மறுத்தார். 1872இல் இலண்டனில் நெட்டில்ஷிப் என்பார் திசுவையே ஆராய்ந்து காட்டியபின் யேகர் கூற்று வலுப்பெற்றது. பெரியார் ஒருவர் மறுத்துவிட்டால் உண்மை காத்துக் கிடப்பது தமிழ்ப் புலமையுலகிற்கு மட்டும் உரிய வழக்கன்று போலும்!

இவர்கள் கண்டவை குருதிக்குழாயின் ஒழுக்கும் அதன் எச்சங்களுமே. சர்க்கரை மிகுந்த குருதி நுண்குழாய்ச் சுவரைக் கெடுக்கும், சுவர் கசியும், கசிந்த நீர் மஞ்சட்புள்ளியில் தேங்கி வீங்கும். வரி வளைந்து தோன்றுதல் அவ்வீக்கத்தின் பயன். இதனிடையே அழற்சிக்கு என்ன பங்கு?

1964இல் பவல், ஃபீல்ட் என்னும் இருவர் ‘லான்செற்’ இதழில் ஒரு குறிப்பு வரைந்தனர். மூட்டுவாதத்திற்காக அசுப்பிரின் இனத்து மருந்துண்ட நீரிழிவினர்க்கு விழித்திரை நோய் குறைவாயிருந்தது என்பது அது. மூட்டின் அழலைத் தணித்த மருந்து கண்ணின் அழலையுந் தணித்ததோ என்னும் ஐயம் அங்கே பிறந்தது. பின்னர் அமெரிக்காவில் 3711 பேரைக் கொண்டு நடந்த பேராய்வில் நாள்தோறும் 650 மில்லிகிராம் அசுப்பிரின் கொடுத்துப் பார்த்தனர். 1991இல் வெளிவந்த முடிபு, அதனாற் பயனில்லை என்பதே. அளவு போதாமையால் என்று உரைப்பாரும் உளர். எனினும் வினா மடியவில்லை. வெண்குருதியணுக்கள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டி வழியடைத்தலையும், 1919இல் ஸ்பானியராகிய ரியோ ஓர்த்தேகா பெயரிட்டு வேறுபிரித்த ‘மைக்ரோகிளியா’ என்னும் காவலணுக்கள் நீரிழிவில் தம் கிளைகளைச் சுருக்கித் திரண்டு அழற்சிப் பொருள்களை உமிழ்தலையும், ஆய்வுக்கூடங்களிற் பின்வந்தோர் கண்டனர்.

அதே 1991இல் அமெரிக்காவில் ஹுவாங், புஜிமோட்டோ முதலியோர் வேறொரு கருவியை அறிவித்தனர். திரும்பிவரும் ஒளியின் காலவேறுபாட்டைக் கணித்து, விழித்திரையைக் கத்தியின்றி அரிந்தாற்போல அடுக்கடுக்காகக் காட்டுவது அது. ஓ.சி.ரி. என்பர். ஊசியில்லை; சில நொடியில் முடியும்.

எம் நண்பரின் படத்தை வைத்தியர் எமக்கும் காட்டினார். சாம்பல்நிற அடுக்குகளின் நடுவே கருங்குமிழிகள். அவை தேங்கிய நீர். அவற்றைச் சூழ வெண்மணல் தூவியதுபோலச் சிறுபுள்ளிகள். பெரியனவாய்ப் பின்னே நிழல் வீழ்த்துவன கசிந்துறைந்த கொழுப்பு. மில்லிமீற்றரின் நூறில் மூன்று பங்கிலுஞ் சிறியனவாய் நிழலின்றி மின்னுவன, விழித்தெழுந்த அக்காவலணுக்களே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எல்லாரும் உடன்பட்டிலர், கொழுப்பின் முளையே அவையும் என்பர் சிலர். விழித்திரையின் அடியில் நீர் கட்டுதலும் அழற்சிக்குறியென எண்ணப்படுகிறது.

இவ்வாராய்ச்சி வெறும் பெயர்வழக்கன்று. கண்ணினுள் இடும் ஊசிமருந்து இருவகை. ஒன்று, குழாய்க் கசிவைத் தூண்டும் காரணியைத் தடுப்பது. மற்றொன்று, அழற்சி தணிக்கும் ஸ்ரீரொயிட். முன்னது பலர்க்கு நலஞ்செய்யினும் சிலர்க்கு வீக்கம் வற்றுவதில்லை. பின்னது அன்னார்க்கு உதவலாம். ஆயின் கண்புரையை விரைவுபடுத்தும், கண்ணழுத்தத்தையும் ஏற்றும். யாருக்கு எது என்பதைப் புள்ளிகளை எண்ணி முன்னரே துணியலாமோ என்பதே இன்றைய முயற்சி. இவையனைத்திற்கும் முன்னே நிற்பது சர்க்கரையை அடக்குதல். 1993இல் வெளியான ஆய்வொன்று, முதல்வகை நீரிழிவினர் அதனைக் கண்டிப்பாக அடக்கின், விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 வீதம் குறையுமெனக் காட்டிற்று.

நண்பர்க்கு முதல்வகை ஊசி நான்கு முறை இட்டனர். நீர் பாதி வற்றிற்று; புள்ளிகள் அவ்வளவு குறையவில்லை. அடுத்த ஊசி எதுவென வரும் திங்களில் முடிவு செய்வர். இப்போது மாலைதோறும் யாம் வாசிக்க அவர் கேட்கிறார். நேற்றும் யாம் சீர் பிரித்ததிற் பிழையென்று இடைமறித்தார். ஏட்டைப் பார்த்தோம், அவர் சொன்னதே சரி.