கோல் காவலர் வேலை: ஒரே இடம், நீண்ட காத்திருப்பு

ஜொகூரின் சாஆ போன்ற தோட்டப்புற ஊர்களில், சாயங்காலம் திடலில் இறங்கும் பசங்களிடம் "யாருடா கோல் கீப்பர்?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று யாரும் கை தூக்க மாட்டார்கள். கடைசியில் வயதில் சின்னவனைத்தான் நிறுத்துவார்கள். நீங்களும் ஒரு காலத்தில் அப்படி நின்றிருக்கலாம்.

ஆனால், மலேசியத் தமிழர்கள் இன்றும் மறக்காத காற்பந்து வீரர் ஒருவர் அந்த இடத்தில் நின்றவர்தான். அவர் சிலாங்கூரின் ஆர். ஆறுமுகம்.

யார் இந்த 'ஸ்பைடர்மேன்'?

1953-இல் பிறந்த ஆறுமுகம், 1970களிலும் 80களிலும் தேசிய அணியின் கோலைக் காத்தார். நீண்ட கைகளும் எட்டிப் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் விதமும் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்ற பெயரை வாங்கித் தந்தன.

1980 ஏப்ரலில், கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா 2-1 என்று தென்கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. ஆனால் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்தப் போட்டியைப் புறக்கணித்தது. ஜெயித்தும் போக முடியவில்லை. அந்தக் கதையின் சாயலில் 2016-இல் வந்த படம்தான் 'ஓலா போலா'. அதில் கோல் காவலர் பெயர் முத்து.

இந்த வேலை ஏன் இவ்வளவு கஷ்டம்?

கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பினால்டி உதைக்கும் இடம் 11 மீட்டர் தூரத்தில்தான். பலமாக உதைத்தால் பந்து அரை விநாடிக்குள் வந்துவிடும். பார்த்துவிட்டுப் பாயலாம் என்றால் நேரம் போதாது.

தாக்குதல் ஆட்டக்காரர் ஐந்து வாய்ப்பை விட்டாலும் ஒரு கோல் போட்டால் போதும், கைதட்டல்தான். காவலர் ஒன்பதைத் தடுத்து ஒன்றை விட்டால், அந்த ஒன்றுதான் பேச்சு.

அணியில் இடமும் ஒன்றே ஒன்று. முதல் காவலருக்குக் காயம் படாதவரை, இரண்டாமவர் மாதக்கணக்கில் பெஞ்சில்தான்.

நல்லது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. வயது. இத்தாலியின் டினோ சோஃப் 1982-இல் உலகக் கிண்ணத்தை ஏந்தியபோது வயது 40. எகிப்தின் எஸ்ஸாம் எல் ஹதாரி 2018 உலகக் கிண்ணத்தில் 45 வயதில் ஆடி, ஒரு பினால்டியையும் தடுத்தார். ஓட்டம் குறைந்தாலும், எங்கே நிற்க வேண்டும் என்ற அனுபவம் கைகொடுக்கும்.

ஆறுமுகத்துக்கு அந்த நீண்ட காலம் வாய்க்கவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. மறு ஆண்டுதான் மலேசியாவில் பகுதி நேரத் தொழில்முறை லீக் தொடங்கியது. முழுத் தொழில்முறை வந்தது 1994-இல். காற்பந்தே முழுநேரப் பிழைப்பாக மாறிய காலத்தை அவர் பார்க்கவே இல்லை.

இன்று உங்கள் பிள்ளை கேட்டால்?

இப்போது சம்பளம் உண்டு. ஆனால் சம்பள பாக்கியால் தவித்த ஆட்டக்காரர்களும் உண்டு. அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? அணியில் ஏற்கெனவே எத்தனை காவலர்கள்?

கூடவே ஒரு படிப்போ கைத்தொழிலோ இருக்கட்டும். பெஞ்சில் காத்திருக்கும் காலத்தில் அதுதான் தெம்பு.