வீட்டுக்குள் தொலைந்த மொழி

நேயர்களே, நாம் அன்றாடம் புழங்கும் சில சொற்களோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, சாவி, துவாய், பாண், சப்பாத்து, யன்னல். இவை யாவும் போர்த்துக்கேயம் தமிழுக்குத் தந்தவை. தமிழர் வீடுகளில் இச்சொற்கள் பத்திரமாக இருக்கின்றன. அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்டிருந்த எங்கள் வீட்டிலோ மொழி இல்லாமற் போயிற்று.

நான் திருகோணமலைப் பறங்கியர் குடும்பமொன்றிற் பிறந்தவன். பாட்டனார் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படையின் பட்டறையிலே தச்சுவேலை செய்தவர். எங்கள் வீடு பாலையூற்றில்.

போர்த்துக்கேயர் 1620களிற் கோணேசர் கோயிலை இடித்து இங்கே கோட்டை கட்டினர். 1639இல் அதனை ஒல்லாந்தர் பிடித்தனர். 1658இல் இலங்கையிற் போர்த்துக்கேயர் ஆட்சி முற்றாக முடிந்தது. ஆட்சி போயும் மொழி போகவில்லை. ஒல்லாந்த அதிகாரிகள் அதனை ஒடுக்க முயன்றார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே அதைப் பேசினார்கள். 19ஆம் நூற்றாண்டில் வெஸ்லியன் மிஷனரிமார் புதிய ஏற்பாட்டை அம்மொழியிலே அச்சிட்டார்கள்.

அது லிஸ்பனிற் பேசப்படும் போர்த்துக்கேயம் அன்று. ‘பாரா’ என்ற சொல் அங்கே பெயருக்கு முன்னால் வரும். எங்கள் முன்னோர் பேச்சில் அது ‘ப’ எனத் தேய்ந்து, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. நமது நான்காம் வேற்றுமை ‘கு’ உருபைப் போல. வினைச்சொல்லும் தமிழில் நிற்பதுபோல வாக்கியத்தின் கடைசிக்குப் போயிற்று. தமிழோடு மூன்று நூற்றாண்டுகள் அயல்வீட்டு உறவு கொண்டாடிய மொழி அது.

அத்தகைய மொழி எப்படித் தொலைந்தது? எங்கள் வீட்டில் எவரும் அதனைத் தடுக்கவில்லை. பாட்டியும் அவருடைய தங்கையும் குசினியில் அம்மொழியிலேதான் கதைப்பார்கள். நாங்கள் வாசற்படியில் கால் வைத்ததும் தமிழுக்கு மாறிவிடுவார்கள். பள்ளிக்கூடத்திற் பிள்ளைகளின் தமிழ் பழுதாகிவிடக் கூடாதே என்பது அவர்கள் கவலை. “அந்தப் பாஷை உனக்கு எதுக்கு மகன்? நீ படி” என்பார் அம்மா. அவர்கள் எங்களுக்கு நன்மையே நினைத்தார்கள். நானும் கேட்டுப் படிக்கவில்லை.

1974இற் பாட்டி படுக்கையில் விழுந்தார். தங்கை முன்னரே காலமாகிவிட்டார். கடைசி நாட்களிற் பாட்டிக்குத் தமிழ் மறந்துபோயிற்று. சிறுவயது மொழி மட்டுமே வாயில் வந்தது. ஒருநாள் மத்தியானம் எதையோ திரும்பத் திரும்பக் கேட்டார். தண்ணீர் கொடுத்தேன், தலையை அசைத்து மறுத்தார். போர்வையை இழுத்துவிட்டேன், அதுவும் இல்லை. கடைசியில் ‘ஜனேலா’ என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. எழுந்து யன்னலைத் திறந்தேன். கடற்காற்று வந்தது, கண்ணை மூடிக்கொண்டார். அதன் பின்னரும் நெடுநேரம் பேசினார். அவற்றில் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அவர் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை.

இன்றும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் முதியவர் சிலர் அம்மொழியைப் பேசுகின்றனர். லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஹியூகோ கார்டோசோவும் அவரது குழுவினரும் 2010களில் இங்கு வந்து அவர்கள் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்திருக்கின்றனர். கலியாண வீடுகளிற் கபரிஞ்ஞா ஆட்டம் இன்னும் உண்டு. பதிவும் ஆட்டமும் நல்லவையே. ஆனால் பேரப்பிள்ளையிடம் யன்னலைத் திறக்கச் சொல்லும்போதுதான் ஒரு மொழி உயிரோடு இருக்கிறது.

எங்கள் அயலவர் ஒருவரின் பேத்தி கனடாவில், ஸ்காபரோவில் வளர்கிறாள். தொலைபேசியில் ‘அம்மம்மா’ என்கிறாள், ‘இடியப்பம்’ என்கிறாள். மிகுதியெல்லாம் ஆங்கிலம். பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்கள் தெரியும் என்று அம்மம்மாவுக்கு மகிழ்ச்சி. எனக்கும் ஒரு சொல் தெரிந்திருந்தது, நேயர்களே. யன்னலைத் திறக்க அது போதுமாயிருந்தது. பாட்டியோடு பேசப் போதவில்லை.