கடல் நடுவே காது கொடுத்தோர்

நிலத்தில் வழி தவறியவன் எதிர்ப்படுவோரை வினவித் தெளியலாம். இடருற்றவன் கூவினால் அண்டை அயலார் ஓடி வருவர். கடலிற் செல்வோர்க்கு இவ்வாய்ப்பு நெடுங்காலம் இருந்ததில்லை. பகலிற் கொடியும், இரவில் விளக்கும், ஆபத்து நேர்ந்தால் வானிற் சீறிப் பாயும் வாணமுமே கப்பல்களுக்கு மொழியாக இருந்தன. இவையெல்லாம் கண்ணுக்கு எட்டும் தொலைவு வரையில்தான் பயன்படும். தொடுவானத்தைக் கடந்தபின் கப்பல் ஊமையாகிவிடும். புறப்பட்ட துறைமுகத்தார்க்கும் சேரவேண்டிய துறைமுகத்தார்க்கும் இடையே அது எங்கே இருக்கிறது, என்ன ஆயிற்று என்பதை ஒருவரும் அறிய இயலாது.

இந்நிலையை மாற்றியது கம்பியில்லாத் தந்தி. இத்தாலி நாட்டவரான மார்க்கோனி அதனைப் பயன்பாட்டிற்குக் கொணர்ந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே பெரிய பயணிக் கப்பல்கள் அதனை ஏற்றுக்கொண்டன. அதன் அமைப்பைச் சுருங்கக் காண்போம். கப்பலின் மின்னாக்கி தரும் மின்சாரம் மின்மாற்றியால் மிக உயர்ந்த அழுத்தம் பெறுகிறது. தந்தியாளர் தட்டுவிசையை அழுத்தும்போதெல்லாம் அம்மின்சாரம் ஓர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகத் தெறிக்கிறது. அப்பொறியினாற் பிறக்கும் அலைகள், பாய்மரங்களுக்கிடையே உயரக் கட்டிய கம்பிகளிலிருந்து நாற்புறமும் பரவுகின்றன. விசையைச் சிறிதே அழுத்தினாற் புள்ளி. சற்று நீள அழுத்தினாற் கோடு. புள்ளியும் கோடும் இணைந்து எழுத்தாகும். எழுத்துகள் இணைந்து சொல்லாகும். வேறொரு கப்பலில் காதுகளிற் கேட்குங்கருவியை மாட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் ஒருவர் அவ்வொலிகளைக் கேட்டு எழுதிக்கொள்வார்.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் கேட்பதற்கு ஒருவர் வேண்டும் என்பதை இங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அக்காலத்துக் கருவி ஒலியைத் தானே பதிந்து வைத்துக்கொள்ளாது. காதிற் கருவி இல்லாத நேரத்தில் வந்த செய்தி காற்றோடு போன செய்தியே.

இப்பணியில் அமர்ந்தோர் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். அவர்கள் கப்பலில் வாழ்ந்தனரேனும், பிரிட்டிஷ் கப்பல்களிற் பலர் மார்க்கோனி நிறுவனத்தின் ஊழியர்களாகவே இருந்தனர். பயணிகள் தம் உற்றார்க்கு விடுக்கும் வாழ்த்துகளும் வணிகச் செய்திகளுமே அந்நிறுவனத்திற்கு வருவாய். டைட்டானிக் கப்பலில் முதற் பத்துச் சொற்களுக்குப் பன்னிரண்டரை ஷில்லிங் கட்டணம்; அதற்கு மேல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்பது பென்ஸ். கப்பலுக்கு வரும் எச்சரிக்கைகளைக் கேட்டுத் தலைவரிடம் சேர்ப்பித்தலும் அவர்தம் கடமையே. ஆயினும் மேசை மீது குவிந்து கிடந்தவை கட்டணம் பெற்ற தாள்கள். ஒருவர் இரு முதலாளிகளுக்கு உழைப்பது போன்ற இவ்வேற்பாடு நல்லதன்று. அதன் விளைவு பின்னர்ப் புலனாயிற்று.

டைட்டானிக்கின் இளைய தந்தியாளர் ஹரால்டு பிரைட். 1890-ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்த இவர், 1911-இல் மார்க்கோனி நிறுவனத்திற் சேர்ந்து, சில கப்பல்களிற் பணியாற்றிய பின்னர் டைட்டானிக்கிற்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 22. மூத்தவரான ஜாக் பிலிப்ஸ் தம் 25-ஆம் பிறந்த நாளை நடுக்கடலிலேயே கண்டவர். அவ்வறையில் நிகழ்ந்தவற்றுள் நாம் இன்று அறிவன பெரும்பாலும், உயிர் பிழைத்த பிரைட் நியூயார்க்கில் ஒரு செய்தித்தாளுக்கும், பின்னர் அமெரிக்க, பிரிட்டிஷ் விசாரணை மன்றங்களுக்கும் நினைவிலிருந்து உரைத்தவையே.

பயணத்தின் மூன்றாம் நாள் இரவு கருவி பழுதுற்றது. மின்மாற்றியிலிருந்து செல்லும் கம்பி காப்புறை எரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இருவரும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் தேடிக் குறையைக் கண்டு, விடியுமுன் செப்பனிட்டனர். அன்று அவர்கள் அயர்ந்து உறங்கியிருப்பின், இரண்டு நாள் கழித்து அக்கப்பல் வாய் திறவாமலே மூழ்கியிருக்கக்கூடும். ஆனால் அவ்வுழைப்பால் மற்றொன்றும் விளைந்தது. அனுப்பப்படாத செய்திகள் மலைபோற் குவிந்தன; இருவரும் களைத்துப்போயினர்.

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 14-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வழியிற் பனிப்பாறைகள் உள்ளன என்னும் எச்சரிக்கைகள் காலை முதலே வந்த வண்ணம் இருந்தன. மாலையில் கலிபோர்னியன் என்னும் கப்பல் பனிப்பாறை பற்றிய செய்தியுடன் அழைத்தபோது, தாம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தமையால் உடனே அதனை ஏற்கவில்லை என்று பிரைட் விசாரணையில் மறையாது கூறினார். சிறிது நேரம் கழித்து அக்கப்பல் அதே செய்தியை வேறொரு கப்பலுக்கு விடுத்தபோது அதனைக் கேட்டெழுதித் தலைமை மேடையிற் சேர்ப்பித்தார். இரவில் மெசாபா என்னும் கப்பல் விடுத்த எச்சரிக்கையோ அம்மேடையைச் சேரவேயில்லை.

இரவு பதினொரு மணி அளவில் கலிபோர்னியன் மீண்டும் அழைத்தது. அதன் தந்தியாளர் சிரில் எவன்ஸ், தம் கப்பல் பனிக்கட்டிகளாற் சூழப்பட்டு நின்றுவிட்டது என்று அறிவித்தார். அவர் அருகிலிருந்தமையால் அவ்வொலி பிலிப்ஸின் காதில் இடியென விழுந்தது. தொலைவிலுள்ள கேப் ரேஸ் நிலையத்தின் மெல்லிய ஒலியைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்த பிலிப்ஸ், வாயை மூடும்படியும் தமக்கு வேலை இருப்பதாகவும் விடையிறுத்தார். தந்தியாளர்கள் தமக்குள் இவ்வாறு பேசிக்கொள்வது வழக்கமே ஆதலின், எவன்ஸ் அதனைப் பொருட்படுத்தவில்லை. காலை ஏழு மணி முதல் தனி ஒருவராய் உழைத்த அவர், பதினொன்றரை மணி அளவிற் கேட்குங்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். அவ்வாறு படுப்பதை எவ்விதியும் தடுக்கவில்லை. அதன்பின் ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்குள், 11-40 மணிக்கு, டைட்டானிக் பனிப்பாறையின் மீது மோதியது.

அம்மோதலைப் பிரைட் உணரவேயில்லை, உறங்கிக்கொண்டிருந்தார். களைத்திருந்த பிலிப்ஸுக்கு ஓய்வளிக்க எண்ணி, தம் முறை வருமுன்னரே எழுந்து வந்தார். அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் தலைவர் ஸ்மித் வந்து, கப்பல் பனிப்பாறையில் மோதிற்று என்றும், உதவி கோரும் அழைப்பை விடுக்க ஆயத்தமாக இருக்குமாறும் கூறிச் சென்றார். சற்று நேரத்தில் மீண்டும் வந்து, அழைப்பை விடுக்க ஆணையிட்டார். பிலிப்ஸ் முதலில் விடுத்தது சி.கியூ.டி. என்னும் குறி. முதலிரண்டு எழுத்துகள் எல்லா நிலையங்களையும் விளிப்பன. மூன்றாவது எழுத்து ஆபத்தைச் சுட்டுவது. எஸ்.ஓ.எஸ். என்னும் புதிய குறியை 1906-இல் பெர்லினிற் கூடிய நாடுகள் ஏற்றிருந்தும், மார்க்கோனி நிறுவனத்தார் பழைய குறியையே விரும்பி வழங்கினர். மூன்று புள்ளி, மூன்று கோடு, மீண்டும் மூன்று புள்ளி என எவர் காதிலும் எளிதிற் பதிவதாலேயே அப்புதிய குறி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குச் சொல்விளக்கம் கூறுவோர் கூற்று பிற்காலக் கற்பனை. அதனையும் அனுப்பிப் பார்க்கலாம், இனி வாய்ப்புக் கிட்டாமற் போகலாம் என்று பிரைட் வேடிக்கையாகச் சொல்ல, மூவரும் நகைத்தனராம். ஆபத்தின் அளவு அப்போது அவர்க்குத் தெரியாது.

அவ்வழைப்பைப் பல கப்பல்கள் கேட்டன. எல்லாம் தொலைவில் இருந்தன. அண்மையிலிருந்த கலிபோர்னியனின் தளத்தில் நின்ற காவலர்கள், வானில் வெண்மையான வாணங்கள் எழுந்ததைக் கண்டனர். ஆயினும் உறங்கும் தந்தியாளரை எழுப்புவார் இல்லை. விடியற்காலையிலேயே அவர் எழுப்பப்பட்டார். வாணத்தின் பொருள் விளங்காமல் நின்றோர்க்கு அதனை விளக்கவல்ல கருவி, சில அடித் தொலைவில், கேட்பாரின்றிக் கிடந்தது.

58 கடல் மைலுக்கு அப்பால் என்று அன்று கணக்கிடப்பட்ட கார்ப்பேத்தியா என்னும் கப்பலிலும் தந்தியாளர் ஒருவரே. காட்டெம் என்னும் அவ்விளைஞர், எவன்ஸைப் போன்றே படுக்கச் செல்லும் நிலையில் இருந்தார். வேறொரு கப்பலிலிருந்து வரவேண்டிய விடைக்காக மட்டுமே கருவியைக் காதினின்றும் கழற்றாமல், மேற்சட்டையைக் களைந்துகொண்டிருந்தார். டைட்டானிக்கிற்கு உரிய தந்திகள் நிலையத்தில் காத்திருப்பதைக் கேட்டவர், அதனைத் தெரிவிக்கலாம் என்று இயல்பாக அழைத்தார். விடையாக வந்தது ஆபத்துக் குறி. அவர் ஓடிச் சென்று தலைவர் ராஸ்ட்ரனை எழுப்பவே, கப்பல் திசை திரும்பியது. எழுநூற்றுக்கு மேற்பட்டோர் உயிர், அவ்விளைஞர் கருவியைக் கழற்றாது வைத்திருந்த சில நிமிடங்களிற் தங்கியிருந்தது.

இங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பிலிப்ஸ் விசையை விட்டு எழாமையால், அவர் அமர்ந்திருந்தவாறே பிரைட் அவருக்கு மிதவைக் கச்சையை அணிவித்தார். தலைவர் வந்து, அவர்கள் கடமை முடிந்தது என்றும், இனித் தம்மைக் காத்துக்கொள்ளலாம் என்றும் விடை கொடுத்தார். அதன் பின்னும் பிலிப்ஸ் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் செய்தி விடுத்துக்கொண்டிருந்தார். மின்சாரம் குன்றிக்கொண்டே வந்தது. அந்நேரத்தில் கப்பலின் தொழிலாளி ஒருவன் உள்ளே புகுந்து பிலிப்ஸின் கச்சையைக் கழற்ற முயன்றான் என்றும், தாம் அவனைத் தாக்கி வீழ்த்தியதாகவும், அசைவின்றிக் கிடந்த அவனை அங்கேயே விட்டுச் சென்றதாகவும் பிரைட் செய்தித்தாளுக்குக் கூறினார். உயிர் பிழைத்தோர் நினைவுகளில் இத்தகைய கசப்பும் கலந்திருத்தல் இயல்பு.

கடைசியில் அலையொன்று மடக்குப் படகோடு பிரைட்டையும் வாரிச் சென்றது. படகு கவிழ்ந்தது, அவர் அதன் அடியில் சிக்கி, மீண்டு, அதன் முதுகின் மீது ஏறினார். உறைபனி போன்ற நீர் அலைத்த அம்முதுகின் மீது ஏறத்தாழ முப்பதுபேர் விடியுமளவும் நின்றும் கிடந்தும் காத்திருந்தனர். கப்பல் 2-20 மணிக்கு மூழ்கியது. கார்ப்பேத்தியா 4 மணி அளவில் வந்தடைந்தது. பிரைட்டின் பாதங்கள் பனியாலும் நெருக்குண்டும் புண்பட்டிருந்தன. பிலிப்ஸ் மீளவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

நடக்க இயலாத பிரைட், கார்ப்பேத்தியாவின் மருத்துவ அறையினின்றும் தந்தியறைக்குக் கொண்டுவரப்பட்டு, உறக்கமின்றித் தளர்ந்திருந்த காட்டெமுக்குத் துணையாகப் பிழைத்தோர் பெயர்களை அனுப்பினார். 18-ஆம் நாளிரவு நியூயார்க் துறையில் மார்க்கோனியே அவ்வறைக்கு வந்து அவரைக் கண்டார். பின்னர்ப் பிரைட் முதல் உலகப் போர்க்காலத்திலும் சிறு கப்பல் ஒன்றில் தந்தியாளராகப் பணிபுரிந்தார். அதன்பின் ஸ்காட்லாந்தில் குடியமர்ந்து, ஊர் ஊராகச் சென்று பொருள் விற்கும் தொழிலை மேற்கொண்டார். புகழ் தேடி வந்தபோது அதனை விலக்கியவர் அவர். அவ்விரவைப் பற்றிப் பேசுவதையும் தவிர்த்தார். 1956-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் காலமானார்.

அவர் சான்று கூறிய விசாரணைகள் வீண்போகவில்லை. 1912-லேயே அமெரிக்கா, பயணிக் கப்பல்களில் தந்தியாளர் இருவர் மாறி மாறி இடையறாது செவிமடுத்தல் வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. 1914 சனவரியில் இலண்டனிற் கூடிய நாடுகள் கடலுயிர்க் காப்புக்கென உடன்படிக்கை ஒன்று செய்தன. அவ்வாண்டே போர் மூண்டமையால் அது நடைமுறைக்கு வரவில்லையேனும், அதன் கருத்துகள் பின்வந்த உடன்படிக்கைகளில் இடம்பெற்றன. தந்தியாளர் ஒருவரே உள்ள சிறு கப்பல்களுக்காக, அவர் உறங்கும்போதும் ஆபத்துக் குறியை உணர்ந்து மணியடிக்கும் தானியங்கு கருவியும் வந்தது. நான்கு நொடி நீளமுள்ள கோடுகளை ஒரு நொடி இடைவிட்டு விடுத்தால் அம்மணி ஒலிக்கும்.

இவற்றினும் எளியதொரு முறையும் வழக்கிற்கு வந்தது. ஒவ்வொரு மணிக்கும் இருமுறை, கால் மணி கடந்ததும் முக்கால் மணி கடந்ததுமாகிய மும்மூன்று நிமிடங்கள், ஆபத்து அழைப்புக்குரிய அலைவரிசையில் எவரும் எச்செய்தியும் அனுப்புதல் கூடாது. யாவரும் வாளாவிருந்து கேட்டல் வேண்டும். மெல்லிய குரலொன்று எங்கிருந்தேனும் அழைப்பின், அம்மௌனத்தில் அது காதில் விழும். கப்பல்களின் தந்தியறைக் கடிகாரங்களில் அந்நிமிடங்கள் செந்நிறத்தாற் குறிக்கப்பட்டிருந்தன. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் செயற்கைக்கோள்களையும் தானியங்கு கருவிகளையும் கொண்ட புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை கடலோடிகள் அவ்வமைதியைக் கடைப்பிடித்தனர்.